வேலை மாறும்போது கம்பெனி இரகசியம்: மலையகத்து மென்பொருள் ஊழியர்களும் சிறு நிறுவனங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டி, நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் சிறு மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன. கொழும்புக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பிள்ளைகள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். கூடுதல் சம்பளத்துக்காக இன்னொரு கம்பெனிக்கு மாறுவதில் எந்தத் தப்பும் இல்லை. அது போட்டிக் கம்பெனியாக இருந்தாலும் தப்பில்லை. கையோடு எது போகலாம், எது போகக்கூடாது என்பதில்தான் இரு தரப்பும் தடுமாறுகின்றன.

விளக்கத்துக்கு ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். ஹட்டனில் பதினைந்து இருபது பேர் வேலை செய்யும் இடம். தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் செயலியும், தேயிலை ஸ்டோர்களில் (தொழிற்சாலைகளில்) உலர்த்தியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் செய்கிறார்கள். கீழேயுள்ள பதில்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் இந்தக் கம்பெனியை வைத்தே சொல்லப்படுகின்றன.

இலங்கைச் சட்டப்படி எது வர்த்தக இரகசியம்?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 160 ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. வெளிப்படுத்தப்படாத தகவலை உரியவரின் சம்மதமின்றி, நேர்மையான வணிக வழக்கத்துக்கு மாறாகப் பெறுவதும், வெளியிடுவதும், பயன்படுத்துவதும் நியாயமற்ற போட்டி ஆகும். தொழில்நுட்பத் தகவல், வணிகத் தகவல் இரண்டும் இதில் அடங்கும்.

ஒரு தகவல் இந்தப் பாதுகாப்பைப் பெற மூன்று தகுதிகள் வேண்டும். அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்ததாகவோ இலகுவில் கிடைப்பதாகவோ இருக்கக்கூடாது. இரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிகப் பெறுமதி இருக்க வேண்டும். அதை இரகசியமாக வைத்திருக்கக் கம்பெனி நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும்.

சிறு கம்பெனிகள் பெரும்பாலும் விழுவது மூன்றாவதில்தான். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கூகுள் டிரைவ் லிங்க், நியமனக் கடிதத்தில் இரகசியம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், "இது எங்கள் இரகசியம்" என்று பிறகு நீதிமன்றத்தில் சொல்வது மிகக் கடினம்.

அப்படியானால் எது இரகசியம் ஆகாது?

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். வாட்டுதல், அரைத்தல், உலர்த்துதல் பற்றித் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் வெளியிட்ட சுற்றறிக்கைகள் பொதுச் சொத்து. அவற்றிலுள்ள வெப்பநிலையைச் செயலியில் போட்டுவிட்டு இரகசியம் என்று உரிமை கோர முடியாது.

ஆனால் உங்கள் கம்பெனி ஒரு குறிப்பிட்ட ஸ்டோரில் மாதக்கணக்காக அளந்து, மழைக்காலக் கொழுந்துக்கு ஒரு விதமாகவும் வெயில்காலக் கொழுந்துக்கு இன்னொரு விதமாகவும் சூட்டை மாற்றும் அட்டவணை ஒன்றைத் தயாரித்திருந்தால், அது வேறு கதை. தராசு குலுங்கும்போது எடை எவ்வளவு தாவுகிறது, அதை எப்படிச் சமன்செய்வது என்ற எண்களும் அப்படித்தான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கொடுத்த விலை, எந்தத் தோட்டத்தின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்ற பட்டியல், மூலநிரல் (சோர்ஸ் கோட்), சர்வர் சாவிகள் எல்லாம் இரகசியத்தின் பக்கம் சேரும்.

உங்கள் திறமை உங்களுடையது. பைதன் தெரிவதும், புளூடூத் தராசைப் போனோடு இணைக்கத் தெரிவதும், தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) எப்படி எழுதப்படுகிறது என்று புரிவதும் எங்கே போனாலும் உங்களோடு வரும்.

கோப்பு எதுவும் எடுக்கவில்லை. எல்லாம் மனதில் இருக்கிறது. அதுவும் குற்றமா?

பொதுவான அனுபவம் குற்றமல்ல. "இந்த வழியை முயன்றால் வேலை செய்யாது" என்ற அறிவுகூடப் பெரும்பாலும் அனுபவத்தோடு கலந்தே இருக்கும். அதைத் தலையிலிருந்து பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ஆனால் அட்டவணையின் நாற்பது எண்களைப் பாடமாக்கிக்கொண்டு போய்ப் புதிய இடத்தில் அப்படியே தட்டச்சு செய்தால், பென் டிரைவில் கொண்டுபோனதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. புதிய இடத்தில் ஒரு எண்ணை எழுதும்போது "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். நீங்களே மறுபடி அளந்திருந்தால், அளந்த திகதியோடு குறித்து வையுங்கள். பின்னாளில் உங்களைக் காப்பாற்றுவது அந்தக் குறிப்புப் புத்தகம்தான்.

கோட் முழுவதையும் நான்தானே எழுதினேன்? எனக்குச் சொந்தமில்லையா?

இல்லை. வேலையின் பகுதியாக எழுதிய மென்பொருளின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், புலமைச் சொத்துச் சட்டப்படி முதலாளிக்கே உரியது. இராத்திரி கண்விழித்து எழுதியதும் அதில் அடக்கம். வேலைக்குச் சம்பந்தமில்லாமல், சொந்த லெப்டொப்பில், சொந்த நேரத்தில் செய்தது வேறு; அதைக் கம்பெனியின் கோட் களஞ்சியத்தோடு (ரெப்போ) ஒருபோதும் கலக்காதீர்கள்.

தோட்டத்துத் துரைமார், ஸ்டோர் அதிகாரிகளின் நம்பர்கள் என் சொந்தப் போனில் இருக்கின்றன. அழிக்க வேண்டுமா?

ஒரு தோட்டத்தின் தொலைபேசி இலக்கம் இரகசியமல்ல. பெயரும் நம்பரும் போனில் இருப்பதற்காக யாரும் வெல்லக்கூடிய வழக்குப் போட முடியாது. ஆனால் "ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, கிலோவுக்கு இவ்வளவு கேட்டால் இறங்குவார்" என்ற குறிப்போடு அந்த நம்பர் இருந்தால், அந்தக் குறிப்பு கம்பெனியுடையது. வாடிக்கையாளர் வட்ஸ்அப் குழுக்களிலிருந்து கடைசி நாளில் விலகுங்கள். குழுவின் நிர்வாகி நீங்கள் என்றால், முதலில் இன்னொருவரை நிர்வாகியாக்குங்கள்.

"விலகி இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது" என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. கட்டுப்பட வேண்டுமா?

கையெழுத்திட்டதால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது. தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும்: எவ்வளவு காலம், எந்தப் பிரதேசம், எந்த வகை வேலை, காப்பாற்ற வேண்டிய உண்மையான நலன் ஏதும் கம்பெனிக்கு உண்டா. உலர்த்திக் கட்டுப்பாட்டை வடிவமைத்த தலைமைப் பொறியாளரை ஆறு மாதம் அதே வகைக் கருவி செய்ய வேண்டாம் என்பது ஒன்று. சோதனைப் பிரிவில் ஒரு வருடம் வேலை செய்த பிள்ளையை நாடு முழுவதும் இரண்டு வருடம் முடக்குவது முற்றிலும் வேறு. முதலாவதை நியாயப்படுத்தலாம். இரண்டாவது பயமுறுத்துவதற்காக எழுதப்படுவது என்பதே எங்கள் கருத்து. மலையகத்திலிருந்து முதல் தலைமுறையாக இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளை இந்த வரி தேவையில்லாமல் கட்டிப்போடுகிறது.

இரகசியம் காக்கும் நிபந்தனை இதிலிருந்து வேறுபட்டது. அது விலகிய பிறகும் தொடரும். அதை மீற வேண்டாம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால், கையெழுத்திடுமுன் ஒரு பிரதி கேட்டு வாங்கி, புரிந்தவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அதற்கு இரண்டு நாள் அவகாசம் தராத கம்பெனி எப்படிப்பட்டது என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

இராஜினாமா செய்யப் போகிறேன். கடைசி நாட்களில் எப்படி நடந்துகொள்வது?

இந்த வகை வழக்குகளில் முதலில் தேடப்படுவது விலகுவதற்கு முந்தைய சில வாரங்கள்தான். வழக்கமாக நாளுக்குப் பத்துக் கோப்பு திறப்பவர் கடைசி வாரத்தில் இரண்டாயிரம் கோப்பு தரவிறக்கினால், அது பதிவில் அப்படியே நிற்கும். ஆகவே முழுக் களஞ்சியத்தையும் "ஒருதடவை பார்த்துவிட்டு அழிக்கலாம்" என்றுகூட இறக்காதீர்கள்.

கம்பெனி லெப்டொப்பில் உங்கள் குடும்பப் படங்கள், அடையாள அட்டைப் பிரதி, சம்பளச் சீட்டுகள் இருக்கலாம். அவற்றை நீங்களாகப் பென் டிரைவில் ஏற்ற வேண்டாம். எந்தக் கோப்புகள் என்று பட்டியலிட்டு மின்னஞ்சல் அனுப்பி, மேலாளரோ கணினிப் பொறுப்பாளரோ முன்னால் இருக்கும்போது பிரதி எடுங்கள். உங்கள் சொந்த ஜிமெயில், கூகுள் குரோம் கணக்கு, வட்ஸ்அப் வெப் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். லெப்டொப்பை ரீசெட் செய்யாதீர்கள். சுத்தமாகக் கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் பலர் செய்கிறார்கள். மறுபக்கத்துக்கு அது தடயம் அழித்ததாகவே தெரியும்.

போனில் கூகுள் போட்டோஸ் தானாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகையை எடுத்த படமும், பிழை வந்த திரையைப் பிடித்த படமும் உங்களுக்குத் தெரியாமலே சொந்தக் கணக்கில் ஏறியிருக்கும். இருந்தால் கம்பெனியிடம் சொல்லி, அவர்கள் எழுத்தில் கேட்டபடி நீக்குங்கள்.

ஒப்படைப்புப் பட்டியலை இரண்டு பிரதி எடுங்கள். லெப்டொப்பின் தொடர் இலக்கம், சார்ஜர், சோதனைத் தராசு, சிம் அட்டை, அலுவலகச் சாவி, நீங்கள் நிர்வகித்த கணக்குகள் ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

வீட்டு லெப்டொப்பில் பழைய கம்பெனியின் கோப்புகள் கிடக்கின்றன. இப்போதுதான் கண்டேன். அழித்துவிடலாமா?

தகராறு எதுவும் இல்லாத நிலையிலும் தனியாக அழிக்காதீர்கள். தகராறு தொடங்கிவிட்டால் கண்டிப்பாக அழிக்காதீர்கள். திறக்கவும் வேண்டாம், திறந்தால் கோப்பு கடைசியாகத் திறக்கப்பட்ட திகதி மாறக்கூடும், "புதிய வேலையில் சேர்ந்தபின் பார்த்திருக்கிறார்" என்று அது வாசிக்கப்படும். கோப்புறையின் பெயரையும் இடத்தையும் குறித்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் பேசி, பழைய கம்பெனிக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் நீக்கி, நீக்கியதை உறுதிப்படுத்தும் பதிலைப் பெறுங்கள். அந்த லெப்டொப்பைப் புதிய அலுவலகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

நடைமுறையில் இரகசியம் எந்த வழியாகப் போகிறது?

திருட்டு எண்ணத்தோடு போவதைவிட அலட்சியத்தால் போவது அதிகம். வீட்டில் மின்சாரமோ இணையமோ இல்லாத நாளில் சர்வர் சாவியை வட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி "இதைக் கொஞ்சம் ஓடவிடு" என்பது. டவுனில் உள்ள கொமியுனிகேஷனில் அச்சடிக்கக் கொடுப்பது. வரைபடத்தைக் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினால் அது அந்தக் கணினியின் தரவிறக்கக் கோப்புறையில் மாதக்கணக்கில் கிடக்கும், அடுத்தபடியாக அச்செடுக்க வருபவர் அதே திரையைப் பார்ப்பார். லயத்து வீட்டில் ஒரே லெப்டொப்பில் தம்பி ஏ.எல். பாடம் பார்ப்பது. கம்பெனியின் கோட் பகுதிகளை இலவச செயற்கை நுண்ணறிவுத் தளங்களில் ஒட்டிக் கேள்வி கேட்பது.

வேண்டுமென்றே எடுப்பவர்கள் காவலைச் சுற்றிப் போகிறார்கள். கூகுளின் பொறியாளர் ஒருவர்மீது அமெரிக்க அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட குற்றப்பத்திரிகையில், அவர் கம்பெனிக் கோப்புகளின் உள்ளடக்கத்தைக் கம்பெனி மெக்புக்கில் இருந்த ஆப்பிள் நோட்ஸ் செயலியில் ஒட்டி, அதைப் பிடிஎஃப் ஆக்கி, சொந்தக் கணக்கில் ஏற்றினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. கோப்பை நேரடியாகப் பிரதி செய்யாததால் உடனடியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. யூஎஸ்பி துளையை அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் கம்பெனிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்களுடையது சிறு கம்பெனி. பாதுகாப்புக்கென்று செலவழிக்கக் காசு இல்லை. என்ன செய்யலாம்?

முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. எவை உங்கள் இரகசியம் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "கம்பெனியின் எல்லாத் தகவலும்" என்று எழுதினால் எதையும் எழுதாத மாதிரிதான். உலர்த்தி அட்டவணை, எடை சமன்செய்யும் எண்கள், விலைப்பட்டியல், இன்னின்ன களஞ்சியங்கள் என்று பெயர் சொல்லி எழுதி, ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் இருந்தால் "விளங்காமல் கையெழுத்திட்டேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது, யார் பேரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான சிறு கம்பெனிகளில் பெரிய ஓட்டை இதுதான். தொடங்கிய காலத்தில் ஒரு பொடியன் தன் சொந்த ஜிமெயிலில் பிளே ஸ்டோர் கணக்கைத் திறந்திருப்பார். இணைய முகவரியும் வட்ஸ்அப் பிஸ்னஸ் நம்பரும் அவர் பேரிலேயே இருக்கும். அவர் கோபத்தோடு விலகும் நாளில் செயலியைப் புதுப்பிக்கவே வழியிருக்காது. இவற்றை அவர் நல்லபடி வேலையில் இருக்கும்போதே கம்பெனிக் கணக்குக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, ஆளுக்கொரு கணக்கு. பகிர்ந்த கடவுச்சொல் இருந்தால், பதிவைப் பார்த்தாலும் யார் எடுத்தார் என்று தெரியாது. இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். விலைப்பட்டியலை விற்பனைப் பிரிவும், எண் அட்டவணைகளை அதில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரும் மட்டும் பார்க்கட்டும்.

ஊழியர் விலகும் அன்று எதை முதலில் நிறுத்த வேண்டும்?

வரிசை முக்கியம்.

1. கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கை இடைநிறுத்துங்கள், நீக்க வேண்டாம். கூகுள் வேர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனரை 20 நாளுக்குள்தான் மீட்கலாம், மைக்ரோசொஃப்ட் 365 இல் 30 நாள். அதற்குப் பின் மின்னஞ்சலும் கோப்பும் போய்விடும்.
2. திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. போனில் உள்ள செயலி பழைய அனுமதியோடு தொடர்ந்து ஓடக்கூடும்.
3. கோட் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் நிறுவனக் கணக்கிலிருந்து அவரை நீக்குங்கள். அவர் கணினியில் ஏற்கனவே இறக்கிய பிரதி இதனால் மறையாது. லெப்டொப்பைத் திருப்பி வாங்குவது அதற்காகத்தான்.
4. ஆள் பேரில் இல்லாத சாவிகளை மாற்றுங்கள்: ஏடபிள்யூஎஸ் சாவி, தரவுத்தளக் கடவுச்சொல், குறுஞ்செய்திச் சேவையின் ஏபிஐ சாவி, சர்வரில் அவர் பதித்த எஸ்எஸ்எச் சாவி, அலுவலக வைஃபை. தவறிப்போவது பெரும்பாலும் இந்தப் படிதான்.

பிறகு அவரோடு அரை மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்து, கையெழுத்திட்ட இரகசியப் பட்டியலை மறுபடி காட்டிப் பேசுங்கள். காவலாளியை வைத்து வெளியே அனுப்பினால் நல்ல மனிதரும் எதிரியாவார்.

விலகிய ஊழியர் இரகசியத்தைக் கொண்டுபோய்விட்டார் என்று சந்தேகம். முதல் இரண்டு நாளில் என்ன செய்ய வேண்டும்?

அவர் திருப்பிக் கொடுத்த லெப்டொப்பைத் தொடாதீர்கள். அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும். "உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று திறப்பதுதான் வழக்கைக் கெடுக்கும் முதல் காரியம். இப்போதைய எஸ்எஸ்டி வட்டுகளில், அழித்த தரவின் இடத்தை வட்டே பின்னணியில் துடைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் கொடுத்து ஓடவிட்டால் மீட்கக்கூடியதும் போய்விடும். அதைவிடப் பெரிய பிழை, விண்டோஸைப் புதிதாகப் போட்டு அடுத்த ஊழியருக்குக் கொடுப்பது. புது லெப்டொப் வாங்கக் காசில்லை என்பது உண்மைதான், ஆனாலும் சில வாரம் பொறுங்கள்.

உறையில் போட்டு ஒட்டி, திகதி, நேரம், தொடர் இலக்கம், யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்று எழுதிப் பூட்டி வையுங்கள். தடயவியல் தெரிந்தவர், வட்டில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி வழியாக வட்டின் முழுப் பிரதி எடுத்து, பிரதி மாறவில்லை என்று காட்டும் ஷா-256 கைரேகை எண்ணைக் குறிப்பார். பிரதியில்தான் தேட வேண்டும். எந்தப் பென் டிரைவ் எப்போது முதன்முதலாகச் செருகப்பட்டது என்பதை விண்டோஸ் தன் பதிவேட்டில் வைத்திருக்கும். பென் டிரைவின் தொடர் இலக்கத்தோடு பொருந்தினால் அது வலுவான சான்று.

அதே நேரம் இணையப் பதிவுகளை இறக்குங்கள், ஏனென்றால் அவை காலாவதியாகும். கூகுள் டிரைவ் பதிவும், மைக்ரோசொஃப்ட் 365 இன் சாதாரணப் பதிவும் ஏறக்குறைய ஆறு மாதம்தான் இருக்கும். கிட்ஹப்பின் பெருநிறுவனக் கணக்கில் களஞ்சியத்தை யார் பிரதி செய்தார் என்ற நிகழ்வு 7 நாள்தான். சந்தேகம் வந்த அன்றே எடுக்காவிட்டால் அது கிடைக்காது. பல பதிவுகளின் நேரம் உலக நேரத்தில் (UTC) இருக்கும். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் "அதிகாலை நாலு மணிக்கு எடுத்தார்" என்று குற்றம் சாட்டினால், அவர் காலையில் வழக்கமான வேலை நேரத்தில் செய்த காரியமாக அது முடியும்.

அவருடைய சொந்த ஜிமெயிலுக்குள் நுழைந்து பார்க்காதீர்கள், கடவுச்சொல் கம்பெனிக் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தாலும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டப்படி அனுமதியற்ற அணுகலுக்கு 5 வருடம் வரை சிறை உண்டு. அது முதலாளிக்கும் பொருந்தும்.

பொலிஸுக்குப் போவதா, நீதிமன்றத்துக்கா?

இரண்டும் வேறு வேறு பலன் தரும். இரகசியம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டுமென்றால் இடைக்காலத் தடையுத்தரவுதான் வழி. அது கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்தில். ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் இதைக் கேட்க முடியாது. பயணமும் செலவும் ஆகும், ஆனால் தாமதிக்க முடியாது: தெரிந்தும் மாதக்கணக்கில் சும்மா இருந்தவருக்கு அவசர நிவாரணம் கிடைப்பது அரிது. நட்டஈடும் அங்கேதான்.

கணினியிலிருந்து அனுமதியின்றி தகவல் எடுத்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு பொருத்தம். கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, அப்படிப் பெறப்பட்ட தகவல் என்று தெரிந்தும் அதை வாங்குபவர், வைத்திருப்பவர், விற்பவரையும் பிடிக்கும்: ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சேவைக்குள் நுழைய ஒப்படைக்கப்பட்ட தகவலை, உதாரணமாகக் கடவுச்சொல்லை, அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுப்பதற்கும் 10 ஆம் பிரிவில் இதே அளவுத் தண்டனை. விலகிய ஊழியரைப் பயமுறுத்துவதற்காக மட்டும் பொலிஸுக்குப் போவதை நாங்கள் ஏற்கவில்லை. சான்று இல்லாத முறைப்பாடு ஒரு குடும்பத்தையே கலைத்துவிடும்.

நாங்கள் போட்டிக் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்கிறோம். எங்களுக்கு என்ன ஆபத்து?

புலமைச் சொத்துச் சட்டம் தகவலைப் பெறும் மூன்றாம் தரப்பையும் பார்க்கிறது: இரகசியம் மீறப்பட்டது என்று தெரிந்திருந்தாலும், தெரியாமல் இருந்தது பாரிய கவனயீனம் என்றாலும் பொறுப்பு உண்டு.

உலகம் அறிந்த வழக்கு, கூகுளின் தானோட்டிக் கார் திட்டத்திலிருந்து வந்த வேமோ நிறுவனத்துக்கும் ஊபருக்கும் இடையில் நடந்தது. அந்தனி லெவண்டோவ்ஸ்கி என்ற பொறியாளர் 2016 ஜனவரியில் கூகுளை விட்டு விலகுமுன் ஏறக்குறைய 14,000 கோப்புகளை இறக்கியதாக வேமோ குற்றம் சாட்டியது. அவர் தொடங்கிய ஓட்டோ நிறுவனத்தை ஊபர் அதே வருடம் வாங்கியது. ஒரு பாகம் வழங்குநர், ஊபரின் சுற்றுப்பலகை வரைபடம் இருந்த மின்னஞ்சலைத் தவறுதலாக வேமோ ஊழியருக்கும் அனுப்பிவிட்டார். வரைபடம் தங்களுடையதைப் போலவே இருப்பதை வேமோ கண்டது அப்போதுதான். 2017 பெப்ரவரியில் வழக்கு. 2018 பெப்ரவரியில் ஊபர் தன் பங்கில் 0.34 வீதத்தை, ஏறக்குறைய 24.5 கோடி டொலர் பெறுமதியானதை, கொடுத்து இணங்கியது. லெவண்டோவ்ஸ்கி 2020 இல் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2021 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது.

ஹட்டன் கம்பெனிக்கும் வழி ஒன்றுதான். நேர்முகத்தில் "அங்கே எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், "இப்படி ஒரு சிக்கலை நீங்கள் எப்படி அணுகுவீர்கள்?" என்று கேளுங்கள். பழைய கம்பெனியில் எழுதிய கோட் எதையும் மாதிரியாகக் காட்ட விடாதீர்கள். வேலைக் கடிதத்தில் "முந்தைய நிறுவனத்தின் எந்தக் கோப்பையும் கொண்டுவர வேண்டாம்" என்று எழுதுங்கள். உலர்த்திப் பிரிவிலிருந்து வந்தவரை முதல் சில மாதம் உங்கள் உலர்த்தி வேலையில் போடாமல் வேறு வேலை கொடுப்பது நல்லது. ஒரே குழுவிலிருந்து மூன்று நான்கு பேரை ஒரே நேரத்தில் எடுத்தால் கடிதம் வரும் என்று எதிர்பாருங்கள்.

பழைய கம்பெனி குற்றம் சாட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. சம்பளம், சேமலாப நிதியையும் தரமாட்டோம் என்கிறார்கள்.

வட்ஸ்அப்பில் பதில் சொல்லாதீர்கள். கோபத்தில் குரல்பதிவும் அனுப்பாதீர்கள். எந்தக் கோப்பு, எந்தத் திகதி, எந்தக் கணக்கு என்று விபரம் கேட்டு, கொடுத்த தவணைக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். தமிழில் எழுதலாம். சொந்தப் போனைக் கம்பெனியிடம் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவரல்ல. நீதிமன்றம் உத்தரவிட்டால் நிலைமை வேறு.

ஊழியர் சேமலாப நிதி உங்கள் பணம்; உழைத்த நாட்களுக்குரிய சம்பளமும் அப்படியே. இரகசியத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறையிடுங்கள். பணிக்கொடை சற்று வேறு. 5 வருடச் சேவைக்கு மேல் கிடைக்கும் அந்தத் தொகையில், மோசடி போன்ற காரணங்களுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு, ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ள 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. நீங்களாக விலகியிருந்தால் இந்தக் காரணம் பொருந்தாது.

வேலைநீக்கம் அநியாயம் என்றால் 6 மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கண்டி, ஹட்டன், பதுளை போன்ற இடங்களில் நியாயசபைகள் உண்டு. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். பல நீதிமன்ற வளாகங்களில் அதன் அலுவலகம் இருக்கிறது.

எங்கள் செயலி தொழிலாளர்களின் கொழுந்து எடையைக் குறைத்துக் காட்டுகிறது. இதை வெளியில் சொன்னால் இரகசியம் மீறியதாகுமா?

தராசில் கள்ளம் செய்வது வர்த்தக இரகசியம் ஆகாது. வெயில் மழை பாராமல் மலையேறிப் பறித்தவர்களின் கூலி அது. அதை மறைக்க இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டுவது வெட்கக்கேடு. ஆனால் சொல்லும் இடமும் அளவும் முக்கியம். வியாபாரத்தில் பயன்படும் தராசுகள் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தால் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டியவை. அங்கும், தொழில் திணைக்களத்திலும் முறையிடுங்கள். தனியார் துறை ஊழியருக்கென்று முழுமையான பாதுகாப்புச் சட்டம் இங்கே இல்லாததால், முன்கூட்டியே சட்டத்தரணியோடு பேசுங்கள்.

பையின் எடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைக் காட்டத் தேவையான பகுதி மட்டும் போதும். முழு மூலநிரலையும் முகநூலில் போட்டாலோ போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்தாலோ, உங்கள் நியாயமான முறைப்பாட்டை அவர்கள் திருட்டுக் கதையாக மாற்றிவிடுவார்கள்.

பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதுகிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்திடலாமா?

தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் முழுமையாக வாசித்து விளக்கும்படி கேளுங்கள். இந்த வகை வழக்கில் ஒரு சொல்லே நிலைமையை மாற்றும்: "பார்த்தேன்" என்று நீங்கள் சொன்னது "பிரதி எடுத்தேன்" என்று எழுதப்பட்டிருக்கலாம், "அனுப்பினேன்" என்றது யாருக்கு என்று இல்லாமல் நிற்கலாம். தொழில்நுட்பச் சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்திலும் கையெழுத்திடுங்கள். விளங்காத பக்கத்தில் கையெழுத்திட வேண்டாம். போனோ லெப்டொப்போ எடுத்தால், மாதிரி, தொடர் இலக்கம் குறிப்பிட்ட பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்கி, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.